வெள்ளிக்கிழமைச் செருப்புகள்

மச்சான்,

இன்று பகல், ளுஹர் தொழுகைக்குப் பிறகு மாவடிப்பள்ளியிலிருந்து வந்த ஒரு விவசாயிக்குச் சேர்ட் காட்டிக்கொண்டிருந்தேன். மருமகனுக்குப் பெருநாள் உடுப்பு. மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடந்த பழைய சரக்கில் நீலக் கோடு போட்ட ஒன்றை அவர் கை காட்டினார். அளவு பார்ப்பதற்குக் குண்டூசிகளைக் கழற்றி விரித்தபோது, முதுகுப் பக்கத்தில் வைத்திருந்த மட்டை நழுவி என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். உன் கையெழுத்து.

ஏணி மாதிரி ஆறு படி கீறியிருந்தாய். உச்சியில் ஒல்வேஸ், அடியில் நெவர், இடையில் யூசுவலி, ஒஃபன், சம்டைம்ஸ், செல்டம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் கடையிலிருந்து ஒரு ஆள் அல்லது ஒரு பொருள். உச்சிப் படியில் நான்: எப்போதும் கோபம். அடிப் படியில் முதலாளி: ஒருபோதும் சிரிக்கமாட்டார். செல்டத்தில் மாடிப்படிக்கு மேலே இருக்கும் மின்விசிறி: எப்போதாவது சுற்றும். மட்டையைத் திருப்பினேன். மறுபக்கத்தில் ஒரே ஒரு வரி. 'ஹீ மஸ்ட் பீ' என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டது. யாரோ கூப்பிட்டிருப்பார்கள், நீ எழுந்து போயிருப்பாய், மட்டை சேர்ட்டுக்குள் திரும்பிப் போயிருக்கும். 'அவன் இன்னதாகத்தான் இருக்க வேண்டும்' என்று யாரைப் பற்றி எழுதத் தொடங்கினாய் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்கவும் ஏலாது.

"தம்பி, சேர்ட்டில பழுதா?" என்று அந்த மனிசன் கேட்டார்.

"இல்ல மாமா. மட்டைதான் பழசு. வேற மட்டை வெச்சுத் தாறன்."

நீ போனபின் இது மூன்றாவது நோன்பு. இந்தக் கடிதத்தில் வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பதினொரு பேர் நின்று வேலை செய்த கடையில், அந்தப் பதினொரு பேரின் கண்ணுக்கு முன்னால், நான்கு நாள் நீ செத்துக்கொண்டிருந்தாய். நாங்கள் அதை நோன்புக் களைப்பு என்று நினைத்தோம். எல்லாரையும் விட உன்னை நன்றாகத் தெரிந்தவன் நான். அதனால் பிழையும் என்னுடையதுதான் பெரிது.

கடை மாறவில்லை. கல்முனைக் கடைத்தெரு வெயில் இப்போதும் கண்ணாடிக் கதவில் பட்டு உள்ளே வருகிறது. சேல்ஸ்மன்மார் உட்கார ஒரு முக்காலிகூட இப்போதும் இல்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நாங்கள் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் வியாபாரத்தின் பரக்கத், இறைவன் தரும் விருத்தி, போய்விடுமாம். நமது காலின் பரக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நீ வேலைக்கு வந்த முதல் நாள், தம்பிலுவிலில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, இங்கேயும் நின்றாய். மாலையில் என்னிடம் கேட்டாய்.

"மச்சான், இந்தக் கடையில கதிரை எண்ட சாமானை எங்க விக்கிறாங்க?"

அப்போதே நமக்கு ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே வருடத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனது நாலைந்து புள்ளியில். ஒலுவில் கெம்பஸ் வாசலைத் தாண்டித்தான் உன் பஸ் தினமும் வரும். அந்த இடம் வந்தால் கடல் பக்கம் பார்ப்பேன் என்று ஒருநாள் சொன்னாய். இரண்டு பேருக்கும் தங்கச்சி இருந்தாள். உன் ஊரிலும் என் ஊரிலும் கும்பிடும் இடம் வேறு, ஆனால் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் அண்ணன்காரன் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற சட்டம் ஒன்றுதான். உன் வளவில் ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பி நின்றது. என் வளவில் அத்திவாரத்தில் புல் முளைத்திருந்தது. அந்த நாட்களிலும் தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கல்முனையை எந்தக் கோட்டில் இரண்டாக்குவது என்று மைக் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாம் இருவரும் கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் சுவர் ஒரு அங்குலமும் உயராது என்று தெரிந்துகொண்டு சீலை மடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அந்த விளம்பரம் வந்தது. டோஹாவில் பெரிய உடுப்புக் கடைக்கு விற்பனையாளர்கள் தேவை. கொழும்பில் நேர்முகத் தேர்வு, ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும். நீ பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாய்.

"ரெண்டு பேரும் ஒண்டாப் போவம். ஒருத்தன் மட்டும் போற கதை இல்ல. சரியா?"

"இங்கிலீசு?"

"நீயும் நானும் கதைப்பம். வேற ஆர்ட்ட போறது?"

நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் அட்டை கிழிந்த ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் போட்டோக் கொப்பி ஒன்று வாங்கினாய். முதல் பாடம், ஒரு காரியம் எத்தனை தரம் நடக்கிறது என்று சொல்லும் சொற்கள். இரண்டாம் பாடம், கண்ணால் பார்த்ததை வைத்துக் காணாததை ஊகித்துச் சொல்வது. உறுதியாகத் தெரிந்தால் மஸ்ட் பீ, இருந்தாலும் இருக்கலாம் என்றால் மைட் பீ, இருக்கவே முடியாது என்றால் கான்ட் பீ. புத்தகத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பனி பெய்யும் சன்னலில் நின்று யாரோ வருவதைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தது. நீ பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"இது நமக்கு ஆர் படிப்பிக்கிற, மச்சான்? காலையில இருந்து நாம செய்யிற வேலையே இதுதானே. இங்கிலீசுதான் இல்ல."

உண்மை. எங்கள் கடையில் சாரியும், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாரனும் மாடியில். அங்கே வெள்ளைத் துணி விரித்த மெத்தை. அதனால் எல்லாரும் மாடிப்படியின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கீழே நிற்கும் எங்களுக்கு அந்தச் செருப்புகள்தான் தகவல். காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் வேளாண்மை வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் இருக்கிறது. குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஆள் நிறைய நடக்கிறவர், விலை கேட்பார். ஒரே குடும்பத்தின் செருப்புகளில் ஒரு பெண்ணுடையது மட்டும் புத்தம் புதிதென்றால் அவள்தான் மணமகள். முதலாளி இதை எங்களுக்கு வியாபாரத்துக்காகப் பழக்கினார். நீ அதைப் பாடமாக்கினாய். செருப்பைப் பார்த்து ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மேலே போய்ப் பார்த்துச் சரியா பிழையா என்று தீர்க்க வேண்டும். எழுதுவதற்குச் சேர்ட் மட்டை. எழுதி முடித்த மட்டை சேர்ட்டுக்குள் திரும்பிப் போகும், யார் வீட்டுக்கோ போகும். இந்தக் கரையோரத்தில் எத்தனை வீட்டு அலுமாரிகளில் உன் வாக்கியங்கள் கிடக்கின்றனவோ.

ஒரேயொரு விதி வைத்தாய். ஆளிடம் நேரே கேட்கக்கூடாது.

"கேட்டா ஆட்டம் முடிஞ்சுது," என்பாய். "கேக்காமக் கண்டுபிடிக்கிறதுதான் படிப்பு."

அந்த விதியை இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

உன்னை நான் பெரிய மனிதனாக்கி எழுத வரவில்லை. நீயும் பொய் சொல்வாய், பஸ் தாமதம் என்று சொல்லிச் சந்தைப் பக்கம் நிற்பாய், என் புது சேர்ட்டை வாங்கிப் போட்டு மாதக்கணக்கில் திருப்பித் தரமாட்டாய். ஆனால் செருப்பைப் பார்ப்பதில் நமக்குள் ஒரு வித்தியாசம் இருந்தது. ஒருநாள் ஒரு பெண்ணின் பளபளப்பான செருப்புக்குப் பக்கத்தில் சின்னதொரு செருப்பு கிடந்தது. அதன் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. நான் பெரிய செருப்பைப் பார்த்து, பணக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று மஸ்ட் போட்டேன். நீ சின்னதைப் பார்த்து கான்ட் போட்டாய். மேலே போய், அந்தப் பெண்ணுக்கு விலை கூடிய சாரிகளை ஒன்றும் விரிக்காமல், "இந்த நிறம் உங்களுக்கு நல்லாப் பொருந்தும் அக்கா" என்று குறைந்த விலைத் தட்டில் இருந்தே நான்கை எடுத்துப் போட்டாய். அவள் வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டு போனாள். நான் ஊகித்தது விற்பதற்கு. நீ ஊகித்தது ஆளைக் காப்பாற்றுவதற்கு.

நீ சறுக்கியதும் உண்டு. அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு ஒருவர் மாடிக்கு ஏறினார். கீழே அவருடைய ரப்பர் செருப்பு. வாரைக் கம்பியால் கட்டியிருந்தது.

"இஞ்ச பாரு மச்சான். ஹீ கான்ட் பீ ரிச். பாவம். நான் போய் விலை குறைஞ்ச சாரன் ரெண்டைக் காட்டுறன்."

நான் தடுக்கவில்லை. அங்கேதான் என் குணம். நீ மேலே போய், மூன்று நெல் ஆலைக்குச் சொந்தக்காரர் முன்னால், பாவம் பார்த்த முகத்தோடு மலிவுச் சாரனை விரித்தாய். அவர் மகளின் கலியாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர். அவருடைய குரல் கீழே வரைக்கும் கேட்டது.

"என்ன தம்பி, என்னைப் பார்த்தா நெல்லுத் தூத்த வந்தவன் மாதிரியா இரிக்கி?"

நீ இறங்கி வந்தபோது காது சிவந்திருந்தது. நான் துணிக்கட்டில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"டேய், தெரிஞ்சுகொண்டுதானே விட்ட நீ?"

"ஜும்ஆவுக்கு ஒருத்தனும் நல்ல செருப்புப் போட்டுட்டு வரமாட்டான் மச்சான். வெளிய கழட்டி வெச்சா மாறிப் போயிரும். எல்லாரும் வீட்டில கிடக்கிற ஆகப் பழசைத்தான் போடுவாங்க."

"அப்ப பள்ளிக்குள்ள கள்ளனும் நிண்டு தொழுறானோ?"

"ஓம். சில நேரம் முன் வரிசையில."

நீ மட்டை ஒன்றை எடுத்து, வெள்ளிக்கிழமைச் செருப்பை ஒருபோதும் நம்பாதே என்று ஆங்கிலத்தில் எழுதினாய். நெவர் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. எங்கள் ஆட்களின் ஒரு வழக்கம் தெரியாததால் பிழைவிட்டாய், அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் நான் இருந்தேன்.

பிறகு நோன்பு வந்தது. நேர்முகத் தேர்வு பெருநாளுக்கு அடுத்த வாரம். அதற்கு வேலை செய்த அனுபவத்துக்கான கடிதம் வேண்டும். முதலாளியிடம் இருவரும் சேர்ந்துதான் போய்க் கேட்டோம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"கடிதந்தானே? தாறன். பெருநாள் சீசன் முடியட்டும். சீசன்ல லீவு போடாம நில்லுங்க, முடிஞ்ச உடனே கையில தாறன்."

அவர் கெட்ட மனிதரில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நோன்பு முழுக்க ஏழைகளுக்கு அரிசி கொடுப்பார். ஆனால் அவர் கேட்டது முப்பது நாள் உடம்பை. நாங்கள் தலையை ஆட்டினோம். கெட்ட மனிதர்கள் இல்லாமலேயே இங்கே நிறையக் கெட்ட காரியம் நடக்கிறது.

நீ நோன்பு பிடிக்கிறவன் இல்லை. ஆனால் அந்த மாதம் மத்தியானத்தில் சாப்பிடவும் மாட்டாய். ஸ்டோர் அறைக்குள் போய்ச் சாப்பிடு என்று முதலாளியே சொன்னார். நீ கேட்கவில்லை.

"நீங்க எல்லாரும் தொண்டை காஞ்சு நிக்க, நான் உள்ள இருந்து மீன் குழம்பு குழைச்சுத் தின்னவா? வாசம் வெளிய வராதா? எனக்கு இறங்காது மச்சான்."

பின்பக்கக் குழாயில் தண்ணீர் மட்டும் குடிப்பாய். மாலையில் ஸ்டோரில் பாய் விரித்து நோன்பு திறக்கும்போது முதல் ஆளாக உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்ப்பாய். "நோன்பு பிடிக்காதவனுக்குத்தான் கஞ்சி அவசரம்," என்று, எங்களுக்கு அண்ணன் முறையான கெஷியர் காக்கா உன்னைக் கேலி செய்வார். "எனக்குச் சுவர்க்கம் வேணாம் காக்கா, கஞ்சி போதும்," என்பாய். பள்ளியில் பாங்கு கேட்டதும் உன் அம்மாவுக்குப் போன் எடுத்து, "நாங்க நோன்பு திறந்திட்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பாய். நாங்கள் என்ற அந்தச் சொல்லை நீ யோசித்துச் சொன்னதில்லை. அதனால்தான் அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் காய்ச்சல் வந்தது. முதல் நாள் கண் சிவந்து வந்தாய். இரண்டாம் நாள் முதுகு நோகிறது என்றாய். காய்ச்சல் குளிசையை விழுங்கிக்கொண்டு நின்றாய். "லீவு கேளேன்," என்று நான் ஒரு தரம் சொன்னேன். ஒரு தரம்தான். "கடிதம் கிடைக்கட்டும், மறுகா படுப்பம்," என்றாய். எனக்கும் அந்தக் கடிதம் வேண்டும். நீ படுத்தால் நானும் தனியாகிவிடுவேன். அதனால் அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. இதை வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

நான்காம் நாள் காலையில் சிரித்துக்கொண்டு வந்தாய்.

"காய்ச்சல் விட்டிட்டுது மச்சான்."

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதைப் பிறகு வைத்தியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குச் சந்தோஷம். கடை நிறைந்திருந்தது. மாடிப்படியின் அடியில் செருப்பு மலை. பகலில் நீ பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாய். சத்தம் எனக்குக் கேட்டது. கெஷியர் காக்காவுக்கும் கேட்டது.

"வெறும் வயித்தோட ஓடித் திரிஞ்சா அப்படித்தான். நோன்புக் களைப்பு," என்றார் அவர்.

முதலாளி கடந்து போகும்போது கேட்டார். "ஏன் தம்பி முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல முதலாளி."

நன்றாக யோசித்துப் பார், மச்சான். அன்று கடையில் யாருடைய முகம் வாடாமல் இருந்தது? பதினொரு பேருக்கும் உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது, கால் தள்ளாடியது. சாப்பிட்டுவிட்டு வரும் ஆட்களின் நடுவில் நீ அப்படி வந்து நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் யாராவது உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்களுக்கு மரியாதை செய்ய எங்களோடு பசித்திருந்தாய். அந்த மரியாதைக்குள்ளேயே உன் நோய் ஒளிந்துகொண்டது. வெள்ளிக்கிழமையில் செருப்பு பொய் சொல்லும் என்று உனக்குச் சொல்ல நான் இருந்தேன். நோன்பு மாதத்தில் முகம் பொய் சொல்லும் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் நீ துணிக்கட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாய். நான் பகிடிக்கு, பாடம் சொல்கிற குரலில் சொன்னேன்.

"ஹீ மஸ்ட் பீ ஃபாஸ்டிங்."

அவன் நோன்பாகத்தான் இருக்க வேண்டும். நீ கண்ணைத் திறக்காமலே சிரித்தாய்.

"கரெக்ட்," என்றாய்.

நான் சொல்லும் எந்த வாக்கியத்தையும் ஏதாவது குறை சொல்லாமல் விடாதவன் நீ. அன்று விட்டுவிட்டாய்.

நோன்பு திறக்கும்போது உன் கஞ்சிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாய், குடிக்கவில்லை. சூட்டுக்காகப் பிடித்திருக்கிறாய் என்று இன்று தெரிகிறது. பேரீச்சம்பழம் எடுத்துத் தரும்போது உன் விரல் என் கையில் பட்டது. குழாய்த் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. "நீ குடி," என்று கோப்பையை என் பக்கம் தள்ளினாய். நான் குடித்தேன். பசி. உன் பங்குக் கஞ்சியையும் நான்தான் குடித்தேன்.

"போய்ப் படு தம்பி, காலையில வந்திரு," என்று முதலாளி உன்னை அனுப்பினார். கதவடியில் நின்று உன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாய். உன் ஊர்ப் பக்கம் போகும் அக்கரைப்பற்று பஸ்ஸுக்குக் கை காட்டினாய். அவ்வளவுதான் நான் கண்டது.

அடுத்த நாள் நீ வரவில்லை. பகல் ஒருவருக்குச் சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தபோது உன் போனிலிருந்து அழைப்பு வந்தது. "எங்கடா நிக்கிற?" என்று எடுத்தேன். உன் தங்கச்சி. துணியை இரண்டரை மீற்றருக்குப் பதிலாக எங்கோ வெட்டிவிட்டேன். அதைப் பற்றி ஒருவரும் என்னை ஏசவில்லை.

கடையிலிருந்து முதலாளி ஒரு வெள்ளைத் துணிக்கட்டைக் கொடுத்தனுப்பினார். உயர்ந்த ரகம். அரை நாள் லீவு கொடுக்க வாய் வராத கடை, உன் பிணத்துக்குப் போர்த்த முதல் தரத் துணி கொடுத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, நீ தினமும் வந்த பாதையில் எதிர்ப்பக்கமாகப் போனேன். ஒலுவில் கெம்பஸ் வாசலில் நானும் கடல் பக்கம் பார்த்தேன்.

உன் வீட்டுக்கு நான் வந்த முதல் தரம் அது. அந்த ஆள் உயரச் சுவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். உன் தங்கச்சி என்னை அடையாளம் கண்டு வந்தாள். அழுது முடித்த முகம்.

"அண்ணா, கடையில பதினொரு பேர் நிண்டீங்களாம். ஒருத்தருக்குமே விளங்கல்லையா?"

எங்களுக்கு நோன்பு என்று சொல்வதா? தலையைக் குனிந்துகொண்டேன். அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சூரியன் இறங்கியது. அங்கே பாங்கு கேட்காது. எனக்கு நேரமும் நினைவில்லை, நோன்பும் நினைவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றேன். உன் அம்மா உன் தலைமாட்டில் இருந்தவர், திடீரென்று தலையை நிமிர்த்தி யாரையோ தேடினார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்.

"நேரம் எத்தினை, பாருங்க. அந்தப் புள்ள நோன்பு. தண்ணி குடுங்க."

ஒவ்வொரு மாலையும் நீ எடுத்த போனில் அவருக்கு அந்த நேரம் பழகியிருந்தது. அன்று போன் வரவில்லை, ஆனாலும் நேரம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெண் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து தந்தாள். பெற்ற பிள்ளையைக் கிடத்திவிட்டு அழுதுகொண்டிருந்த மனிசிக்கு, சுவரோடு நின்ற ஒரு அந்நியன் பசித்திருப்பது தெரிந்தது. நான்கு நாள் உன்னோடு தோள் உரசி நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது எனக்கு வந்த அழுகை உனக்காக மட்டும் வந்ததல்ல.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் முதலாளி இரண்டு கடிதம் தந்தார். முதலே தட்டச்சுச் செய்து வைத்திருந்தாராம். உன் பெயர் போட்டதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் நீட்டினார். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். ஒருத்தன் மட்டும் போகிற கதை இல்லை என்று நீ சொல்லியிருந்தாய். ஆனால் அத்திவாரத்தில் புல் வளர்ந்துகொண்டிருந்தது.

குளிரூட்டிய அறை. ஒரு பெண் நல்ல முகத்தோடு கேள்வி கேட்டார். வேலைக்கு எத்தனை தரம் பிந்தி வருவாய், வாடிக்கையாளரோடு சண்டை பிடித்திருக்கிறாயா. ஒல்வேஸ், செல்டம், நெவர் என்று சரியாகவே சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நம் கடையில் ஒரு முகம் வந்து நின்றது. பிறகு அவர் ஒரு படத்தை என் பக்கம் திருப்பினார். பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடி இருக்கிறான். இவனுக்கு என்னவாக இருக்கும், ஊகித்துச் சொல் என்றார்.

அவருக்குத் தேவையான பதில் எனக்குத் தெரியும். அவன் களைத்திருக்க வேண்டும். வேலை முடிந்து வந்தவனாக இருக்கலாம். பணக்காரனாக இருக்க முடியாது. நாம் இருவரும் நூறு தரம் சொன்ன வாக்கியங்கள். அவர் காத்திருந்தார். சிரித்து, "மஸ்ட் பீ...?" என்று எடுத்தும் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "யாராவது போய் அவனிடம் கேட்க வேண்டும்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அவர்கள் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. வெளியே வந்து பஸ் ஏறும்வரை உன் கடிதத்தை வெளியே எடுக்கவேயில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. மிகவும் நேர்மையாகவும் ஒழுங்காகவும் வேலை செய்தவர் என்று எழுதியிருக்கிறது.

அந்த இங்கிலீசு எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இந்த ஊரில் அந்தப் பாஷையை நான் கதைத்த ஒரே ஆள் நீ. மாடிப்படி அடியில் நின்று சில நேரம் ஒரு செருப்பைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். பிழை பிடிக்க ஆளில்லாமல் அது காற்றில் போய்விடும். புதிதாக வந்த பொடியன்மார் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

அவர்கள் சிரிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்குக் கடையில் இப்போது பெயர் டொக்டர். யாராவது துணிக்கட்டில் சாய்ந்தால் போய்க் கேட்டுவிடுவேன். என்ன செய்யுது, எங்க நோகுது, எத்தனை நாளாக, கையைக் காட்டு. சும்மா கொட்டாவி விட்டவனையும் விடமாட்டேன். இன்றும் பெண்கள் பகுதியில் வேலை செய்யும் பிள்ளை ஒன்று அலுமாரியில் தலை சாய்த்து நின்றது. "நோன்புக் களைப்பு," என்று கெஷியர் காக்கா இருந்த இடத்திலிருந்தே சொன்னார். நான் போனேன்.

"டொக்டர் வாறார், டொக்டர் வாறார்," என்று பின்னால் ஒருவன் பாடினான்.

"என்ன தங்கச்சி, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்ல காக்கா. விடியச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பல்ல. நித்திரையாப் போயிட்டன்."

"காய்ச்சல் வந்ததா? ரெண்டு மூணு நாளைக்குள்ள?"

"அல்லாஹ், காக்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அவள் சிரித்தாள். கெஷியர் காக்கா சொன்னது சரிதான். அநேகமாக அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நான் நூறு தரம் கேட்டால் நூறு தரமும் வெறும் களைப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும். சிரிக்கட்டும். உன் விளையாட்டின் ஒரே விதியை நான் உடைத்துவிட்டேன், மச்சான். பிந்தி உடைத்தேன்.

அந்த விவசாயியின் சேர்ட்டுக்குப் பெட்டியொன்றை வெட்டி வேறு மட்டை வைத்துக் கொடுத்தேன். படியடியில் அவர் தன் செருப்பைத் தேடும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கேட்டேன். வயல் வரம்பில் வழுக்கி விழுந்தாராம், ஒருவரும் கேட்காததால் ஒருவருக்கும் சொல்லவில்லையாம். ஐந்து நிமிடம் நின்று சொன்னார். முதலாளி இரண்டு தரம் என்னைப் பார்த்தார்.

உன் மட்டை என் பெருநாள் சேர்ட்டுக்குள் இருக்கிறது. மறுபக்கத்து வரியை நிரப்பவேண்டும் என்று பேனையை எடுத்தேன், இரண்டு தரம். பிறகு மூடிவிட்டேன். நீ யாரைச் சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கமாட்டேன்.